பிடில்காரரின் முன்கை

அவரை வாரத்தில் மூன்று நாள் மோர்னிங்சைட்டில் அவர் வீட்டிலிருந்து டயாலிசிஸுக்கு என் வேனில் கொண்டுபோவேன். லூசியானாக்காரர். தன் ஊர்க் கேஜன் பாட்டையும் கன்ட்ரி ரொக்கையும் கலந்து நாற்பது வருடம் பார்களில் பிடில் வாசித்தவர். மெலிந்த முகம், தோளில் விழும் நரைமுடி. வழிநெடுக இடக்கை விரல்களால் வலது முன்கையை அழுத்தியபடியே வருவார். கேட்டால், "வாசிக்கிறேன்" என்பார்.

இந்த மாரிக் குளிரில் நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், முற்றி, அந்த விரல்களில் மூன்றை வெட்டியெடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த முதல் நாள், ஆஸ்பத்திரி வாசலில் இறங்க மறுத்து, முன்கையை என்னிடம் நீட்டினார்.

"நான் கட்டிய பாட்டு. எங்கேயும் பதியவில்லை. மறந்துகொண்டு போகிறது. நீ அழுத்து," என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார்.

அதே டயாலிசிஸுக்கு வந்து பின்சீற்றில் இருந்த எங்கள் ஊர் அன்ரி பதறினா. "தம்பி, உவருக்கு நேரம் போகுதெல்லே! உதென்ன விளையாட்டு?"

"ஒரு நிமிசம் அன்ரி."

அவர் காட்டிய இடங்களில் அழுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு, "பிழை. திரும்ப," என்றார். ஏழெட்டுத் தடவை அழுத்தியும் பிழைதான். கடைசியில் கையை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த கிழமை நான் ஏற்றவேண்டிய நோயாளிகளின் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

இப்போதும் சிவப்பு விளக்கில் நிற்கும்போது என் விரல்கள் ஸ்டியரிங்கை அழுத்துகின்றன. பிழை என்று சொல்ல ஆளில்லை.