விரலுக்குத் தொப்பி

மலேசியாவில் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் சுபத்ராவுக்கு இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கும் வேலை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் கல்யாணம் என்றால் மருதாணி போடவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் பத்து விரல் நுனிக்கும் தொப்பி வைப்பார்; பிறகுதான் பூவும் கொடியும். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரலைத் தொப்பி மறைத்துவிடும்.

போன மாதம், கூடப் பறிக்கும் மணியம்மாவின் மகள் புவனேஸுக்குக் கல்யாணம். கோலாலம்பூரில் வங்கி வேலை பார்ப்பவள். தொப்பி என்றதும் கையை இழுத்துக்கொண்டாள்.

“வேணாம் ஆன்ட்டி, பூ மட்டும் போதும் லா. என் விரலு க்ளீனாத்தானே இருக்கு?”

சுபத்ராவுக்குச் சுருக்கென்றது. இவள் விரல் எப்படிச் சுத்தமாக இருக்கிறதாம்? அம்மா விரல் கறுத்ததால்தானே? பூ மட்டும் போட்டார்.

அடுத்து மணியம்மா வந்து உட்கார்ந்தார். சுபத்ரா வீம்புக்கென்றே அவர் விரல் நுனியில் மருதாணிக் கோனை வைத்தார்.

“எனக்கும் தொப்பி வேணாம் சுபத்ரா. மக கையில போட்ட பூவையே போடு.”

“கறுப்பு தெரியுமே?”

“இத்தன வருஷம் யாருகிட்ட மறைச்சோம்? கல்யாணத்துக்கு வர்றவங்க எல்லாருக்கும் இதே வெரலுதானே லா?”

சுபத்ரா கோனை விரல் நுனியிலிருந்து எடுத்தார். கோனைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தார். பிறகு மணியம்மாவின் உள்ளங்கையில் முதல் இதழை வரைந்தார்.