வெள்ளிக்கிழமை முழு வேகம்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக ஜாஸ்மின் என்ன வேலை பார்த்தாள் என்று அவள் புருஷனுக்கே சொல்லத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல இன்னாமோ பண்றா" என்பான். கம்பெனிக்கு இருந்தது ஒரே நெட் லைன். ஜெர்மனிக்கு ஷூ பேட்டர்ன் ஃபைல்களை அனுப்பும் சாஃப்ட்வேரை அதன் போக்கில் விட்டால் மொத்த லைனையும் விழுங்கிவிடும். மாடியில் முதலாளிகளின் வீடியோ கால் பாதிச் சொல்லில் நின்றுவிடும். அதனால் பகலில் கால்வாசி வேகம், சாயங்காலம் பாதி, கம்பெனிக்கு லீவான வெள்ளிக்கிழமை முழு வேகம் என்று அளந்து வைத்திருந்தாள். எதுவும் தடைபடாததால் அவளை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு லைன் வேண்டுமென்று ஆறு வருஷமாகக் கேட்டுப் பார்த்தாள். "இருக்கிறதே நல்லா ஓடுதேம்மா" என்பார் மேனேஜர் ஹபீப்.

சிஸ்டம் இன்சார்ஜ் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஏப்ரலில் அது உனக்குத்தான் என்று ஹபீப் வாக்குக் கொடுத்திருந்தார். காண்ட்ராக்டிலேயே காலம் தள்ளியவள் அந்த நாற்காலியை மனசுக்குள் எத்தனை தடவை துடைத்து வைத்திருப்பாளோ.

மார்ச்சில் ஒரு வியாழன் மாலை, அடுத்த சீசனுக்கான அறுபது மாடல்களின் ஃபைல்களை வரிசையில் போட்டுவிட்டு வீட்டுக்கு நாட்றம்பள்ளி பஸ் ஏறினாள். வெள்ளி மாலை ஏழரைக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் ஜெர்மனிக்காரர்கள் வாங்கமாட்டார்கள். முழு வேகத்தில் மூன்று மணிக்கே முடிந்துவிடும் என்று நிம்மதியாக இருந்தாள்.

வெள்ளி காலை பதினொன்றே முக்காலுக்கு, அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது போன் வந்தது. சின்ன முதலாளி தன்சீல் அகமது. அவருக்கு அடுத்த மாதம் நிக்காஹ். வீட்டில் விருந்தாளிக் கூட்டம் என்று காலி ஆபீசுக்கு வந்து, பெங்களூர் மேடை அலங்காரக்காரரிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், நெட்டு இப்படி பேஜார் பண்ணுது? பூ கலரே தெரியலை."

"ஜெர்மனி ஃபைல் போய்ட்டு இருக்குது சார். ஏழரைக்குள்ள போய்டணும்."

"அரைமணி நேரம் கம்மி பண்ணுங்க. முடிஞ்சதும் நானே போன் பண்றேன்."

போனிலேயே சாஃப்ட்வேரைத் திறந்து பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாள். அரைமணி போனது. ஜும்ஆ தொழுகைக்குப் போயிருப்பார் என்று காத்திருந்தாள். இரண்டு மணிக்குக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மூன்றுக்கும் எடுக்கவில்லை. அவளே வேகத்தைக் கூட்டியிருக்கலாம்தான். ஆனால் முதலாளி வீட்டார் பேசுகிற லைனை அவர்கள் சொல்லாமல் தொடுகிற வழக்கம் அங்கே கிடையாது. இரண்டு வருஷம் முன்பு பெரிய முதலாளி பேசும்போது தொட்ட, அவளோடு வேலை பார்த்த ஆல்வினை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மணிக்குத்தான், வருவது வரட்டும் என்று அவள் கூட்டினாள். ஏழரை ஆனபோது ஐந்து மாடல் பாக்கி. அந்தப் பக்கம் கதவைச் சாத்திவிட்டார்கள். சீசன் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது.

சனிக்கிழமை விசாரணை. வேகத்தைக் குறைத்தவர் ஜாஸ்மின் என்று சாஃப்ட்வேர் நிமிஷத்தோடு பதிந்து வைத்திருந்த காகிதத்தை ஹபீப் மேசையில் போட்டார்.

தன்சீல் தலையைத் தூக்காமல், "அரைமணி நேரம்னுதான் சொன்னேன்" என்றார்.

"முடிஞ்சதும் போன் பண்றேன்னு சொன்னீங்களே சார்."

"சின்ன முதலாளி உனக்குப் போன் பண்ணணுமாம்மா?" என்றார் ஹபீப்.

அவளுக்குப் பூ கலர் பார்த்த கதையை எல்லார் முன்னாலும் போட்டு உடைக்க நாக்கு துடித்தது. ஏப்ரலை நினைத்து வாயை மூடிக்கொண்டாள். மூடியதற்குக் கூலியும் கிடைக்கவில்லை.

பத்தே நாளில் புது லைன் வந்தது, பழையதைப்போல ஐந்து மடங்கு. இனி அளந்துவிட ஒன்றுமில்லை, அதனால் அளக்க ஆளும் வேண்டாம் என்று இன்சார்ஜ் நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். ஜாஸ்மினைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள், அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட.

போகுமுன் கடைசியாக ஒரு வேலை கொடுத்தார்கள். பகல் கால்வாசி, மாலை பாதி, வெள்ளி முழுசு என்று அவள் போட்டு வைத்த மூன்று வரிகளையும் அழிக்க வேண்டும். அழித்தாள். நீக்கியவர் ஜாஸ்மின் என்று அதையும் சாஃப்ட்வேர் நிமிஷத்தோடு பதிந்துகொண்டது.