கஷ்டம் ஏதாவது இருக்கா சார்?

போன சனிக்கிழமை மகளின் அட்மிஷன் விஷயமாக பெங்களூர் கோரமங்களாவில் ஒரு ஆலோசகரைப் பார்க்கப் போனோம். நான், மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள்.

மகள் ஆசைப்படும் யுனிவர்சிட்டிக்கு மார்க் மட்டும் போதாதாம். தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுத வேண்டுமாம். அந்தக் காலத்தில் எனக்கு காலேஜ் சீட் கொடுத்தவர் என் கையெழுத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார்.

ஆலோசகர் ஓசூர்ப் பக்கத்து அம்மணி. தமிழிலேயே பேசினார். மகளின் மார்க், டிபேட் பரிசு எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளினார்.

"இதெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கு சார். பாப்பா லைஃப்ல கஷ்டம் ஏதாவது இருக்கா?"

"நான் ஒருத்தன் இருக்கேனே மேடம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அப்பாவுக்கு வேலை போயிருக்கிறதா? வீட்டில் சண்டை? விவாகரத்து? இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது. பெற்ற பெண்ணுக்கு உருப்படியாக ஒரு துக்கம் வாங்கித் தர வக்கில்லாத தகப்பன்!

அந்த வெட்கத்தில்தான் உளறினேன் — போன வருஷம் மனைவிக்குப் புற்றுநோய் ஆபரேஷன், கீமோ... வீட்டை மகள்தான் பார்த்துக்கொண்டாள் என்று.

அம்மணியின் முகத்தில் பல்பு எரிந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார். இதான் நம்ம ஸ்டோரி."

நம்ம ஸ்டோரியா? அம்மா வாந்தி எடுக்கும்போதெல்லாம் பாத்ரூம் வாசலில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தவள் என் மகள். இவர் எப்போது பங்காளி ஆனார்?

அதுவரை வாயே திறக்காத மனைவி மெதுவாகக் கேட்டாள்: "எனக்குத்தான் இப்ப நல்லாயிடுச்சே... பரவாயில்லைங்களா?"

அம்மணிக்குக் குத்தல் உறைக்கவில்லை. "நோ ப்ராப்ளம் மேம். ஹாப்பி எண்டிங்கா பண்ணிக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சீட்டுக்காக, பதினேழு வயதுப் பெண் அம்மாவின் வலியைக் கடை பரப்ப வேண்டுமா? நோய் நொடி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் — கஷ்டத்தை வாடகைக்கு எடுப்பார்களா? இதைக் கேட்கிறவர்களை என்ன செய்வது? சரி... எடுத்துக் கொடுத்த என் வாயை என்ன செய்வது?

கத்தப் போனேன். "நீ சும்னே இருப்பா" என்று கன்னடம் கலந்த தமிழில் மகள் அடக்கினாள். பிறகு அம்மணியிடம், "அது அம்மாவோடது மேடம். நான் எழுத மாட்டேன்" என்றாள்.

அப்படியானால் சீட் கஷ்டம்தான் என்றார் அவர். மகள் எழுந்துவிட்டாள்.

லிஃப்ட்டில் கேட்டேன், என்னதான் எழுதப் போகிறாய் என்று.

"எங்க வீட்ல பெருசா கஷ்டம் ஒண்ணும் இல்லைன்னு எழுதறேன்ப்பா. குடுத்தா குடுக்கட்டும்."

பச்சைப் பொய். ஆனால், அந்த அம்மணி எழுதவைக்க இருந்த உண்மையைவிட எவ்வளவோ மரியாதையான பொய்.