கீழே இறங்கிய எழுத்து

ஒரகடம் கார் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் பொருத்த வந்திருந்த அந்த ஜப்பான்காரர், எதைப் படித்தாலும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் விரலை வைத்து ஒரு கணம் நிற்பார். பேசுவது அசெம்பிளி லைன் பசங்களிடம் கற்ற தமிழ்.

அவருடைய ஆட்களுக்கான ஜப்பானிய எச்சரிக்கை ஸ்டிக்கரை ஸ்ரீபெரும்புதூரில் டி.டி.பி. வேலை பார்க்கும் நான்தான் அமைத்தேன். மொழி தெரியாது. முற்றுப்புள்ளியில் வரி தொடங்கக் கூடாது என்ற விதி மட்டும் தெரியும். ஒட்டிய மறுநாளே என்னை மெஷினிடம் இழுத்துப்போனார்.

"இன்னா பண்ணிக்கீற?"

"ரூல்படிதான் சார். புள்ளிக்கு இடம் பத்தல. அது தனியா நிக்கக்கூடாதுன்னு முந்தின எழுத்தையும் சேத்து சாஃப்ட்வேர் கீழ இறக்கிடுச்சு."

"அந்த எழுத்துதான் 'கூடாது'."

மேல்வரியின் முடிவில் விரலை வைத்தார். "இப்ப 'கையை உள்ள வுடு'ன்னு கீது."

கீழ்வரி மேல் கிரீஸ் அப்பியிருந்தது.

"யாராவது..."

"புது ஆளு ஒருத்தன் படிச்சான். வுட்டான். அப்ப கரண்ட் இல்ல. அதான் கை கீது."

சத்தம் போடுவார் என்று நின்றேன். போடவில்லை. புது ஸ்டிக்கர் வரும்வரை, தன் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நான் அமைத்த வரியை முதுகால் மறைத்தபடி அங்கேயே நின்றார்.