இருநூற்றுப் பதினேழாம் எண் பழுதுச் சீட்டு

போன வியாழக்கிழமை காலை பரளச்சியிலிருந்து அழகர்சாமி மேஸ்திரியின் மகள் போன் செய்தாள். "அத்தை, அப்பா போயிட்டாக. டீயைக் குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சாக, அவ்வளவுதான். வலின்னு ஒரு வார்த்தை சொல்லலை." வருத்தப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நான் மறைக்கப்போவதில்லை. பஞ்சாலைத் தூசியை ஆயுள் முழுக்கச் சுவாசித்தவர்கள் கடைசியில் எப்படிப் போகிறார்கள் என்று நாம் பார்த்திருக்கிறோம். மேஸ்திரிக்கு அந்த முடிவு வரவில்லை.

ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பழுதான இயந்திரங்களைச் சரிசெய்யும் பிரிவுக்கு அவர் மேஸ்திரி. நான் மேனேஜரின் ஸ்டெனோ. கான்வென்ட்டில் படித்தவள்; ஒரு கமா விட்டுப்போனாலும் காகிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி அடிப்பவள். எனக்குப் பின்னால் நீங்கள் 'வெறைப்பு ஸ்டெனோம்மா' என்று சொன்னது எனக்குத் தெரியும். ஆலையை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. மேனேஜரும் இல்லை. இனி யாருக்கும் மெமோ வராது என்பதால் நடந்ததை நடந்தபடி சொல்லலாம்.

என் கணவர் இறந்த அன்று மேனேஜர் பெரிய மாலையோடு வீட்டுக்கு வந்தார். மாலையை வைத்ததும் நேராக என்னிடம் வந்து, "ஆபீஸ் இரும்பு அலமாரிச் சாவி உங்களிடமா இருக்கிறது?" என்று கேட்டார். வாசலில் நின்ற மேஸ்திரி எல்லோருக்கும் கேட்கும்படி, "சாவி எங்கயும் போகாதுய்யா. மொதல்ல போனவரைக் கும்பிடுங்க" என்றார். மேனேஜர் கும்பிட்டார். பிறகு சாவியையும் வாங்கிக்கொண்டுதான் போனார். அழுதுகொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மேஸ்திரியை நான் மரியாதையோடு பார்க்கத் தொடங்கியது அன்றுதான்.

சித்திரை வெயிலில் நூல் அறுந்துவிடக் கூடாது என்று நூற்பு ஷெட்டுக்குள் ஈரக்காற்று விடுவார்கள். பஞ்சைப் பிரித்துத் தூசி தட்டும் ப்ளோ ரூமில் நூல் கிடையாது, ஆட்கள் மட்டும்தான். அதனால் அங்கே காற்றும் கிடையாது. "பஞ்சாவே பொறந்திருந்தா நூலான பெறகாவது குளுகுளுன்னு வச்சிருப்பாக, மனுசனாப் பொறந்து தொலைச்சிட்டோம்" என்பார் மேஸ்திரி.

அந்த ப்ளோ ரூமில் பந்தல்குடியிலிருந்து வந்த முத்துமாரி வேலை பார்த்தாள். அப்போது முப்பது வயது இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே இருமல் வரும், மூச்சு இழுக்கும். நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தூசி இல்லாத பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொல்லி அவளுக்காக மூன்று மனு அடித்துக் கொடுத்தேன். 'முடியாவிட்டால் வேறு ஆள் பார்க்கவும்' என்று மேனேஜர் எழுதி மூன்றும் திரும்பி வந்தன. அதே மேஜையில் ஓர் இயந்திரத்தின் பழுதுச் சீட்டு வந்தால் வாசித்து முடிப்பதற்குள் கையெழுத்து விழும்.

ஒரு நாள் காலை மேஸ்திரி என் முன்னால் வந்து நின்றார். "ஒரு பழுதுச் சீட்டும்மா. எழுதிக்கங்க." சீட்டு ஆங்கிலத்தில்தான் போக வேண்டும், அவர் தமிழில் சொல்வார், நான் மாற்றி அடிப்பேன். "நம்பர் எரநூத்திப் பதினேழு. மூணு மாசமாச் சத்தம். உள்ள பஞ்சுத் தூசி அடைச்சிருக்கு. ஏத்தத்துல திணறுது. தூசி இல்லாத எடத்துக்கு மாத்தலைன்னா மொத்தமா நின்னுரும்."

ஆலையில் இயந்திரங்கள் நூறுகூட இல்லை. இருநூற்றுப் பதினேழு, ஆலையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்த டோக்கனில் முத்துமாரியின் எண். விரல்களை டைப்ரைட்டர் விசைகளிலிருந்து எடுத்துவிட்டேன்.

"பொய்யை நான் அடிக்க மாட்டேன், மேஸ்திரி."

"எந்த வார்த்தை பொய்யின்னு சொல்லுங்க, அதை எடுத்துருவோம்."

ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். "தலைப்பில் இயந்திரம் என்று இருக்கிறதே?"

"அது ஆலைக்காரவுக அச்சடிச்சது. அதுக்கு நாம என்ன செய்ய?"

எனக்கு இரண்டு பெண்கள். அந்த வேலை ஒன்றைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. ஆனாலும் அடித்தேன், பிழையில்லாமல். மேனேஜர் சிவப்பு மையில் 'உடனே மாற்றவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நகல் அப்போதே தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது.

இயந்திரத்தை நகர்த்தினால் உற்பத்தி நிற்குமே என்ற கவலை அவருக்கு அதன்பிறகு வந்தது. கோப்போடு என்னையும் அழைத்துக்கொண்டு ப்ளோ ரூமுக்கே போனார்.

"எங்கய்யா அந்த இருநூத்திப் பதினேழு?"

மேஸ்திரி கை காட்டினார். "அந்தா, தூணைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிது பாருங்க."

"அது ஆளு!"

"ஆமாய்யா. கையெழுத்து நீங்க போட்டது."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "இதை நீங்களா டைப் செய்தீர்கள்?"

"ஆமாம் சார். பிழை ஏதாவது இருக்கிறதா?"

உத்தரவை ரத்து செய்தால் ஏன் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும். படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று எந்த மேனேஜர் எழுதுவார்? "மாத்தித் தொலைங்க" என்றார். போகிற போக்கில், "இனிமே ஆளை இந்தச் சீட்டுல எழுதக் கூடாது."

"அப்ப எந்தச் சீட்டுல எழுதுறதுய்யா?" என்றார் மேஸ்திரி.

"ஆளுக்குச் சீட்டு கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அலுவலக விவரமாகத்தான் சொன்னார்.

மறுநாள் பேக்கிங் பிரிவில் பெண்கள் முத்துமாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். "எக்கா, ஒனக்கு எண்ணெய் போட்டாச்சா?" "போட்டாச்சுடி, அடுத்த ரிப்பேரு நீதான்" என்றாளாம். அடுத்த ரிப்பேருக்கு வழி இல்லாமல் போனது. ப்ளோ ரூமில் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். "ஒண்ணைத்தான் சரிபண்ண முடிஞ்சது" என்று மேஸ்திரி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பரளச்சிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முத்துமாரி எனக்கு முன்பே வந்திருந்தாள். இப்போது அவளுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பெண்கள் நடுவில் உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தாள். சத்தம் போட்டு அழுவது எனக்குப் பிடிக்காத காரியம். ஆனால் அன்று காது கொடுத்துக் கேட்டேன். ஒரு வரியை இழுத்துக்கொண்டே போனாள். எங்கே இருமல் வந்து அறுக்கும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த வரிக்குப் போனாள். அதுவும் முழுதாக முடிந்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மூச்சு வாங்குகிறதா, முத்துமாரி?" என்று கேட்டேன்.

"இவ்வளவு அழுதா யாருக்குத்தான்ம்மா வாங்காது?" என்றாள்.

மேஸ்திரியின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவரால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த மூச்சைக் காதால் கேட்டேன். அவர் நினைவாக அது எனக்குப் போதும்.