கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

என் அம்மாவும் அப்பாவும் நேருக்கு நேர் சந்தித்தால் என் மகள் கல்யாணம் நின்றுவிடும் என்று மனதார நம்பினேன். அப்படி நம்பும்போது எனக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது; இரண்டு பல் கட்டியாயிற்று.

நம்பியதற்குக் காரணம் உண்டு. நான் நாலாம் வகுப்பு படிக்கையில் அவர்கள் விவாகரத்து வாங்கினார்கள். மாதம் ஒரு ஞாயிறு தென்காசி பஸ் ஸ்டாண்டில் என்னைக் கைமாற்றுவார்கள். இந்தக் கோடியில் அம்மா, அந்தக் கோடியில் பழக்கடை ஓரம் அப்பா. நடுவில் உள்ள தூரத்தை நான் தனியாக நடக்க வேண்டும். "உங்கப்பன்ட்ட போய்ச் சொல்லு" என்று அம்மா ஏற்றிவிட்ட வசவை, அங்கே போய்ச் சேர்வதற்குள் சிரிப்பாக மாற்றிவிடுவேன். நான் கோமாளியானது அந்த நடையில்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். சீசன் நேரத்தில் வந்த விருந்தாளிகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போகாவிட்டால் இலை போடாத மாதிரி. இரண்டு வேன் பிடித்தேன். நானும் அம்மாவும் சம்பந்தி வீட்டாரோடு மெயின் அருவிக்கு; அப்பா என் மச்சினனோடு ஐந்தருவிக்கு. சம்பந்தியிடம், "பெரியவங்க ஆளுக்கொரு ஊர்ல இருக்காங்க" என்று மட்டும் சொல்லியிருந்தேன். பொய்யில்லையே.

உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, துண்டோடு ஆண்கள் வரிசையில் நின்றால், பக்கத்தில் மச்சினன்.

"ஏலே, நீ எப்படி இங்கன?"

"ஐந்தருவில தண்ணி கூடிட்டு அத்தான். போலீஸ் விடலை. மாமாவையும் இங்கதான் கூட்டியாந்தேன்."

"அவரு எங்க?"

"பொம்பளையாளுக பக்கம் நிக்காரு. அத்தைட்ட ஏதோ பேசின மாதிரி இருந்துச்சு."

ஓடினேன். ஈரக்கல்லில் எண்ணெய்க் காலோடு ஓடுகிறவனுக்குப் போகுமிடம் அவன் கையில் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து நின்று, மறுபடி வழுக்கி, பெண்கள் வரிசைக் கம்பியில் போய் மோதினேன். பெண் போலீஸ் விசில் ஊதினார்.

அப்பா குடை பிடித்து நின்றார். இன்னொரு கையில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி. சண்டையில் பிடுங்கிவிட்டார் என்றே முடிவு கட்டினேன்.

"கல்யாண வீடுப்பா. கோர்ட்டுல முடிஞ்சத இங்க வந்து ஆரம்பிக்காதீங்க." அருவிச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். கண்ணாடியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். குளித்துவிட்டு அங்கே தலை துவட்டிக்கொண்டிருந்த சம்பந்தி, துண்டை இறக்கிப் பார்த்தார்.

"எதுக்குலே கத்துத?" என்றார் அப்பா. "தண்ணி அடிச்சிட்டுப் போயிரும், செத்த பிடிங்கன்னு குடுத்துட்டுப் போனா. பிடிச்சிட்டு நிக்கேன்."

அவர் குடையை மடக்கினார். சாரலில் நனைந்தபடியே வேனுக்குப் போய்விட்டார்.

அம்மா தலை சொட்டச் சொட்ட வந்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஆள் தெரியாது. என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டே, "நீங்க குளிக்கலையா?" என்று கேட்டாள். போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"நீயா" என்றாள்.

சம்பந்தி வீட்டாருக்கு எல்லாம் முன்பே தெரியுமாம். பெண் பார்க்க வந்த அன்றே என் மகள் சொல்லிவிட்டாளாம்.

மறுநாள் கல்யாணம் நடந்தது. அம்மா முன்வரிசையில் இருந்தாள், அப்பா கடைசி வரிசையில். அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அப்பா சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போனார்.