சின்னம்மாவின் தவணை

எட்டு வயதில் நான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கெல்லாம் கணக்குப்பிள்ளை. சேமிப்பைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னதெல்லாம் தலைக்கேறியிருந்தது. பால்மா டின்னில் ஓட்டை போட்டு உண்டியல் செய்து, தீபாவளிக்குக் கிடைத்தது, மாமா கொடுத்தது எல்லாவற்றையும் அதற்குள் தள்ளினேன். கடனைச் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்று போகிற வருகிற எல்லோருக்கும் புத்தி வேறு. என்னைக் கண்டாலே அப்பா, "தொரைசாணி வர்றாங்க, எந்திரிச்சு நில்லுங்க" என்பார்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் லோன் கூட்டம். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஈரச் சாக்கு வாடையோடு பெண்கள் வந்து பாயில் உட்காருவார்கள். பூண்டுலோயா டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் லோன்காரர் ஒவ்வொரு பேராக வாசிப்பார். "இருக்கேன்" என்று சொல்லித் தவணையைக் கொடுக்க வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். இல்லையென்றால் யாருக்கும் அடுத்த கடன் கிடையாது.

அம்மாவின் தங்கையும் அந்தக் குழுவில் இருந்தாள். தையல் மெசினுக்குக் கடன் வாங்கியவள், அதைக் கட்டி முடிப்பதற்குள் மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனாள்.

காரியம் முடிந்து வந்த முதல் கூட்டத்தில் லோன்காரர் அம்மா பேரை வாசித்தார். அடுத்தது சின்னம்மாவின் பேர். வீட்டில் யாருமே கூப்பிடாத முழுப்பேர். பாயில் அவள் வழக்கமாக உட்காரும் இடம் காலியாகவே கிடந்தது. திறந்த கதவு வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"யாராச்சும் சொல்லுங்கக்கா. நான் பதியணும்."

"இருக்கேன்."

அது சின்னம்மாவின் குரல். மெல்லிசாக, கடைசியில் லேசாக இழுபடும் அதே குரல். பக்கத்து வீட்டு அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அம்மாவின் உதடு அப்போதுதான் மூடியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் இதேதான். தன் பேருக்குத் தன் குரல், தங்கச்சி பேருக்குத் தங்கச்சி குரல். அது அம்மாதான் என்று தெரிந்தும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். அம்மாவோ அன்றைக்கு மட்டும் தலைவாரி, பொட்டு வைத்து, யாரோ வரப்போகிற மாதிரி வாசலைக் கூட்டுவாள்.

மற்றவர்களுக்கு அவரவர் கஷ்டம். "செத்தவளுக்கு இன்னும் எத்தன நாளைக்குடி கட்டுறது?" என்று அத்தை ஒருநாள் கேட்டே விட்டாள்.

"மெதுவா கட்டுவோமே மைனி. என்னா அவசரம்?" என்றாள் அம்மா.

கடனை மெதுவாகக் கட்டுவதா! என் கொள்கைக்கே அது விரோதம். பயமும் சேர்ந்துகொள்ள, மீதித் தொகை சிறுத்துப்போயிருந்த ஒரு புதனில், சின்னம்மா பேர் வாசிக்கப்பட்டதும் டின்னை அப்படியே பாயில் கவிழ்த்தேன். சில்லறையும் கசங்கிய தாள்களும் சிதறின. லோன்காரர் சிரித்துக்கொண்டே எண்ணினார். குறைந்ததை மற்றவர்கள் போட்டு நிரப்பினார்கள்.

"அடி கெட்டிக்காரி! இவளையே குழுத் தலைவியாப் போட்ரலாம்" என்று அத்தை என்னைத் தூக்கியே விட்டாள்.

"இதோட கணக்கு முடிஞ்சிருச்சு" என்றார் லோன்காரர். அம்மா என் தலையைத் தடவினாள். கை சில்லென்றிருந்தது.

அடுத்த புதன் அவர் அம்மா பேரை வாசித்தார். அம்மா "இருக்கேன்" என்றாள். அடுத்து அத்தையின் பேரை வாசித்தார். அத்தை வாய் திறப்பதற்கு முன்னால், மெல்லிசாக, கடைசியில் லேசாக இழுபட்டு, "இருக்கேன்" என்று கேட்டது.

லோன்காரர் நிமிர்ந்தார். "அக்கா, ஒங்க பேரு வாசிச்சாச்சே."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அம்மாவுக்குக் கணக்கு பிடிபடவில்லை என்றுதான் நினைத்தேன். அவள் காதோரம் குனிந்து, டீச்சர் சொல்லித்தருகிற மாதிரியே பொறுமையாகச் சொன்னேன்:

"சின்னம்மா கடன் முடிஞ்சிருச்சும்மா. இனிமே அவங்களக் கூப்புட மாட்டாங்க."